பெயர் போட யாரைக் கேட்க வேண்டும்?

1

மாடவீதிப் பலகையிலிருந்து என்னை நீக்கி இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. கோபம் தானாக ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பலகை என்றால் என்ன என்று ஊரில் இருக்கும் உங்களில் பலருக்குத் தெரியாது. அது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஓர் இடம். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் பிறந்து வெளிநாடு வந்தவர்கள் அங்கே கூடுவார்கள். ஒருவர் ஊர்ச் செய்தி ஒன்றைக் கொண்டுவந்து போடுவார். மற்றவர்கள் அதன் கீழே பதில் எழுதுவார்கள். பதில் வர வர அந்தச் செய்தி மேலே ஏறும். யாரும் சீண்டாத செய்தி கீழே இறங்கி மறுநாள் காணாமல் போய்விடும். எழுதுவது தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். இதுபோலச் சங்கீதத்துக்கு ஒரு பலகை, பழைய சினிமாப் பாட்டுக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று, விசாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு.

நான் நியூ ஜெர்சியில் ஒரு சைவ உணவு விடுதியில் சமையல்காரன். மந்தைவெளி கார்ப்பரேஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்தேன். கூச்ச சுபாவம். "சாம்பார் நன்றாக இருந்தது, செய்தவரைக் கூப்பிடுங்கள்" என்று யாராவது சொல்லி அனுப்பினால், காய்கறி வைக்கும் குளிர் அறைக்குள் போய் நின்றுகொள்வேன். இங்கே என் பெயர் தனபால் இல்லை, மிஸ்டர் முனுசாமி. குடியுரிமை அலுவலகப் படிவத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து அப்பா பெயர்தான் என் பெயர். வங்கியில், ஆஸ்பத்திரியில், மகளின் பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும் செத்துப்போன மனிதரைக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன். என் பெயரை மாற்றும்போது என்னை யாரும் கேட்கவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் வாய் திறக்காத நான் பலகையில் எழுதினேன். என் தம்பிக்காக எழுதினேன்.

2

தம்பி சேகர் கூரியர் கம்பெனியில் இருந்தான். மயிலாப்பூர் முழுக்க வீடு வீடாகத் தபால் கொடுத்து அலைந்ததில் ஒன்றைக் கவனித்தான். வீட்டுக்கு வீடு வயசான இரண்டு பேர். கதவைத் திறப்பதற்குள் கால் மணி ஆகும். திறந்த பிறகு விடமாட்டார்கள். "தம்பி, இந்தக் கரண்ட் பில்லைக் கட்டிட முடியுமா?" "தம்பி, கேஸ் சிலிண்டருக்கு எழுதி வச்சு பத்து நாளாச்சு, ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றியா?" பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்தார்கள். அவனும் அவன் மனைவி விஜயாவும் யோசித்து, அவன் வேலையை விட்டுவிட்டு, "கூடமாட" என்று பெயர் வைத்து ஒரு சேவை ஆரம்பித்தார்கள். கரண்ட் பில், கேஸ், டாக்டர் வீடு, நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று பேங்கில் போய்க் காட்டுவது எல்லாவற்றுக்கும் கூட வருவான். வீட்டுச் சாவி ஒன்று அவனிடம் இருக்கும். வாரம் ஒருமுறை பிள்ளைக்குக் கம்ப்யூட்டரில் தகவல் போகும், பணம் அங்கிருந்து வரும்.

கேள்விப்பட்டதும் என் மகள் கவிதா ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து "கூடமாட"வுக்கு இணையப் பக்கம் ஒன்று செய்துகொடுத்தாள். பக்கம் அழகாக இருந்தது. ஒருவரும் வரவில்லை.

"அப்பா, பேஜ் பண்ணா மட்டும் போதாது. பீப்புள் இருக்கற இடத்துல போய்ச் சொல்லணும். பட் அட்வர்டைஸ்மென்ட் மாதிரி சொன்னா அடிப்பாங்க."

"அப்போ எப்படிச் சொல்றது?"

"ஃபர்ஸ்ட் சும்மா படிங்க. அப்புறம் அவங்களுக்கு எதாவது குடுங்க. அப்புறம் மெதுவா."

அவள் சொன்னது சரிதான். சும்மா படிப்பது என் குணத்துக்கு ஒத்துவந்தது. வேலை முடிந்து வந்து, மோடம் கத்தி ஓய்ந்ததும், மாதக்கணக்கில் படித்துக்கொண்டிருந்தேன். சங்கீதப் பலகையில் எல்லாரும் பண்டிதர்கள், எனக்கு அங்கே வேலை இல்லை. சமையல் பலகையில் புளிக்காய்ச்சல் செய்முறை எழுதினேன், நன்றி சொன்னார்கள். ஆனால் அங்கே வருகிறவர்களில் பலர் மதராஸ்காரர்கள் இல்லை. கடைசியில் மாடவீதிப் பலகைதான் இடம் என்று முடிவு செய்தேன்.

அங்கே செய்திதான் காசு. பத்திரிகையில் வருகிற பெரிய செய்திகளை ஆளுக்கு முன் ஆள் போட்டுவிடுவார்கள். தெருச் செய்தி யாரிடமும் இல்லை. என் தம்பியிடம் இருந்தது. லஸ் முனையில் மறுபடி தோண்டிவிட்டார்கள். இருபத்தொன்பது சி பஸ் வழியை மாற்றியிருக்கிறார்கள். பாண்டி பஜார் நடைபாதையில் இந்தத் தீபாவளிக்கு நடக்கவே இடமில்லை. அவன் எழுதி அனுப்புவான், நான் போடுவேன். கபாலி கோயில் குளம் வற்றிப்போய் உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், பந்து நீராழி மண்டபத்தில் பட்டால் நாலு ரன் என்று எழுதினேன் பாருங்கள், அந்தச் செய்தி ஒரு வாரம் மேலேயே நின்றது. எங்கெங்கோ இருந்து எழுதினார்கள். ஒருவர், மண்டபத்தைத் தாண்டி அடித்தால் ஆறா என்று கேட்டார்.

ஒவ்வொரு செய்தியின் அடியிலும் ஒரே ஒரு வரி இருக்கும்: "தகவல்: சேகர், கூடமாட, மந்தைவெளி". கீழே இணையப் பக்கத்தின் விலாசம். அது பலகை விதிக்கு உட்பட்டதுதான்.

பிறகுதான் வேடிக்கை. பலகையில் எல்லாரும் பார்க்கக் கிரிக்கெட் பேசியவர்கள், எனக்குத் தனியாகக் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். "உங்கள் தம்பி என் அப்பாவை ஒருமுறை போய்ப் பார்க்க முடியுமா?" "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், கூட இருக்க ஆள் வேண்டும்." ஒருவர்கூட அதைப் பலகையில் கேட்கவில்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

3

சேகர் நிமிர்ந்தான். மந்தைவெளி பஸ் ஸ்டாண்டு பின்னால் ஜெராக்ஸ் கடையில் பாதி இடத்தை வாடகைக்கு எடுத்தான். தை பிறந்ததும் திறப்பு விழா என்றான். கச்சேரி ரோட்டில் இருக்கும் அச்சகத்துக்குப் போய் அழைப்புப் பத்திரிகை அடித்தான்.

அச்சகத்துக்காரர் எல்லாரையும் கேட்பதை இவனையும் கேட்டார்: "கீழ யாரு யாரு பேரு போடணும்?"

நம் ஊரில் எந்தப் பத்திரிகைக்கும் கீழே "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று ஒரு கூட்டம் இருக்கும். இவன் யோசித்துப் பார்த்தான். "கூடமாட"வுக்குச் சொந்தபந்தம் யார்? அந்தப் பெரியவர்கள்தான். அவர்கள் பெயரைப் போட்டான். பெரியவர் பெயர் போட்டால் பிள்ளை பெயரை விட முடியுமா? பிள்ளை பெயரையும் ஊரையும் பக்கத்தில் போட்டான். "திரு. ரங்கநாதன், திருமதி அலமேலு, மகன் ஸ்ரீதர், சான் ஹோசே." இப்படி ஒரு பத்தி முழுக்க. எல்லாருக்கும் முதலில், "தனபால், நியூ ஜெர்சி" என்று என்னை.

அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு தி. நகர் உஸ்மான் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனான். பிள்ளையார் சுழியிலிருந்து கடைசிப் பெயர் வரைக்கும் இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கவைத்து, அண்ணனுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று, எங்கள் இணையப் பக்கத்திலும் நான் சொல்லியிருந்த எல்லாப் பலகைகளிலும் ஒட்டிவிட்டான்.

மறுநாள் எனக்குப் போன் வந்தது. குரலில் அத்தனை சந்தோஷம்.

"இன்னாண்ணா, பாத்தியா? ஒன் பேரு தான் மொத பேரு!"

நான் அதற்குள் பார்த்திருந்தேன். பலகை பற்றி எரிந்துகொண்டிருந்தது.

"யாரைக் கேட்டுடா போட்ட?"

"இன்னாண்ணா இப்படிக் கேக்கற? பேரு போட யாரைக் கேக்கணும்? பேரு வுட்டுப்போனாதான் கோச்சுக்குவாங்க. என் கல்யாணத்துல புரசைவாக்கம் அத்தை பேரு வுட்டுப்போச்சு, இன்னிக்கி வரிக்கும் மொகம் குடுத்துப் பேசல."

"அவங்க எல்லாரும் கோவமா கீறாங்கடா." எனக்கும் அவன் பேச்சு வந்துவிட்டது.

"பேரு போட்டதுக்கா?"

"பேரு போட்டதுக்குத்தான்."

அவன் பத்திரிகையைப் பிரிக்கும் சத்தம் போனில் கேட்டது. பிறகு கேட்டான். "இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங் எதுனா தப்பாயிட்சா?"

4

பலகையில் எழுதியதை எல்லாம் இங்கே சொல்ல மனம் வரவில்லை. சிலதைச் சொல்கிறேன். "விளம்பரக் குப்பை." "படிக்காதவர்களைச் சேர்த்தால் இதுதான் நடக்கும்." "என் குடும்ப விவரத்தை ஊருக்குச் சொல்ல இந்த ஆள் யார்?" அலமேலு மாமியின் மகன் ஸ்ரீதர், அதற்கு முந்தின வாரம் எனக்குத் தனியாக "அண்ணா" என்று எழுதியவர், "இந்த மனிதர்களோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை" என்று எல்லாரும் பார்க்க எழுதினார். அவர் அப்பாவைச் சேகர் டாக்டரிடம் கூட்டிப்போய் நாலு நாள்தான் ஆகியிருந்தது.

வயசானவர்கள் தனியாக இருப்பதைத் திருடனுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது என்று ஒருவர் எழுதினார். அதில் நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். வீட்டு விலாசம் எதுவும் போடவில்லை என்றாலும் நியாயம்தான். ஆனால் அந்த நினைப்பு அவர்களுக்குக் கடைசியில்தான் வந்தது. முதலில் வந்தது வேறு. தன் அப்பாவின் கரண்ட் பில்லை மந்தைவெளி ஆள் ஒருவன் கட்டுகிறான் என்பது, கூட வேலை செய்கிற மயிலாப்பூர்காரனுக்குத் தெரிந்துவிட்டதே! அந்த வெட்கத்துக்குத்தான் விதி என்று பெயர் வைத்தார்கள்.

கவிதா இங்கிலீஷில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தாள். தம்பி கேட்காமல் செய்துவிட்டான், எனக்குச் சம்பந்தம் இல்லை என்று அதில் இருந்தது.

"சம்பந்தம் இல்லைன்னு எப்படிம்மா போடறது? என் தம்பி."

"அப்பா, யு காண்ட் ஜஸ்ட் யூஸ் பீப்புள்ஸ் நேம்ஸ். தட்ஸ் தி ஹோல் பாயின்ட்."

"உன் காதுகுத்துப் பத்திரிகையில நாப்பது பேரு போட்டோம். ஒருத்தரைக் கேக்கல."

"எக்ஸாக்ட்லி," என்றாள். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் இந்த ஊர்ப் பெண். அவளோடு இந்த விஷயத்தில் எனக்குச் சண்டை இல்லை. அவள் அந்தப் பழக்கத்தில் வளரவில்லை. பலகைக்காரர்கள் வளர்ந்தார்கள். ஒவ்வொருவர் கல்யாணப் பத்திரிகையிலும் ஒன்றுவிட்ட மாமன் வரைக்கும் பெயர் இருந்தது. தெரியாதவன் தெரியவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்தவன் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் என்ன செய்வது?

அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் முன்னால் நானாக ஒன்று எழுதினேன்.

"ஐயா, உங்கள் கல்யாணப் பத்திரிகையில் எத்தனை பேரைக் கேட்டுப் பெயர் போட்டீர்கள்? என் தம்பி உங்களைச் சொந்தக்காரர்கள் என்று நினைத்துவிட்டான். அது தப்பு. இனி நினைக்க மாட்டான். உங்கள் அப்பா அம்மாவுக்கு நாளைக்கும் கேஸ் தீரும். யார் போய் எழுதிவைப்பீர்கள் என்று இங்கே, எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுங்கள்."

அன்று சாயங்காலம் பலகைக்குள் நுழையப் பார்த்தேன். அப்படி ஒரு பெயர் இங்கே இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. பலகையை நடத்துகிறவர் "மேற்பார்வையாளர்" என்ற பெயரில் எழுதுவார், சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. விதியை மீறினால் நீக்கம், பேச்சுக்கு இடமில்லை என்று இரண்டு வரி அனுப்பியிருந்தார். தன் பெயரே போடாதவருக்குப் பெயரைப் பற்றி இத்தனை ரோஷம்.

5

அந்தத் தையிலேயே அப்பாவுக்கு வருஷப் படையல் வந்தது. மூன்று வருஷமாகப் போகவில்லை, போனேன். விமான நிலையத்துக்குச் சேகரும் விஜயாவும் வந்திருந்தார்கள். சைதாப்பேட்டை பாலம் தாண்டியதும் விஜயாதான் சொன்னாள்.

"ஒவ்வொருத்தரா நிறுத்தறாங்க மாமா. எதுக்குன்னு சொல்லவே மாட்டேன்றாங்க. இவரு அந்தப் பத்திரிகையை எடுத்து வச்சுக்கினு எந்தப் பேரு தப்பு, எந்தப் பேரு தப்புன்னு பாத்துக்கினே கீறாரு."

படையல் முடிந்த மறுநாள், நிறுத்தச் சொன்ன வீடுகளின் சாவிகளைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினான். மொபெட்டில் நானும் பின்னால் உட்கார்ந்தேன். பத்திரிகைகள் மிச்சம் அவன் பையிலேயே கிடந்தன. முதல் வீடு சித்திரகுளம் பக்கம், ரங்கநாதன் சார் வீடு. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நீங்கதான் அமெரிக்கா அண்ணாவா? வாங்கோ. அலமு, காபி!"

சேகர் உட்காராமலே சாவியை மேஜைமேல் வைத்தான். "சார், உங்க பையன் நிறுத்தச் சொல்லி எழுதிட்டாரு. பேரையும் எடுக்கச் சொன்னாரு. எடுத்துட்டேன்."

"எதை எடுத்தே?"

"கம்ப்யூட்டர்லேர்ந்து பேரை, சார்."

"யார் பேரை?"

"உங்க மூணு பேர் பேரையும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏண்டா, அவன் பேரை எடுக்கச் சொன்னா எடு. அவன் பேரு, அவன் இஷ்டம். என் பேரை எடுக்கச் சொல்ல அவன் யாரு? என்னைக் கேட்டியா?"

சேகர் என்னைப் பார்த்தான்.

"போட்டப்போ கேக்கலை, சரி. நல்ல காரியம். எடுக்கறப்போ கேக்க வேண்டாமோ? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

அலமேலு மாமி காபியோடு வந்தார். காலண்டர் ஆணியில் அந்தப் பத்திரிகை தொங்குவதை அப்போதுதான் கவனித்தேன். மாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதைக் கழற்றி எடுத்தார்.

"ஸ்ரீதர் பேரும் எங்க பேரும் அவன் கல்யாணப் பத்திரிகையில சேர்ந்து வந்தது. அதுக்கப்புறம் இதுலதான். இதையும் எடுக்கச் சொல்றானா?" என்று கேட்டார். சேகரைத்தான் கேட்டார். சேகர் தலையைக் குனிந்துகொண்டான்.

"இதை எடுக்க முடியாதுங்க. அச்சுல வந்துட்சு," என்றான்.

"அப்படிச் சொல்லு," என்றார் ரங்கநாதன் சார். சாவியை எடுத்து அவன் கையில் திணித்தார். "நாளைக்கு கேஸ் எழுதணும். நம்ம ஆத்துக் கணக்கு இனிமே என்னோட. அவனுக்குத் தகவலும் போக வேண்டாம். வேணும்னா என்னண்ட கேட்டுக்கட்டும்."

அன்று போன எல்லா வீட்டிலும் இப்படி நடந்தது என்று சொன்னால் பொய். சிலர் சாவியைப் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். ஒரு அம்மா வாங்கிக்கொண்டு அழுதார், பையனைச் சொல்லாதே என்றார். ஆனால் சிலர் சாவியைத் திருப்பித் தந்தார்கள். ஜெராக்ஸ் கடையில் அந்தப் பாதி இடம் நிலைத்தது. நான் புறப்படுமுன் சேகர் பெயர்களை மறுபடி இணையப் பக்கத்தில் ஏற்றினான். இந்த முறை ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டு ஏற்றினான். பிள்ளை பெயர் இல்லை, வெளிநாட்டு ஊர் இல்லை. முதல் வரியில் மட்டும் "தனபால், நியூ ஜெர்சி". "ஒன்ன இன்னாண்ணா கேக்கறது?" என்றான்.

6

எழுத உட்காரவைத்தது போன மாதம் நடந்தது.

எனக்கு ஒரு கடிதம் வந்தது. முன்பின் தெரியாத பெயர். அவருடைய அம்மா அடையாறு கஸ்தூரிபா நகரில் தனியாக இருக்கிறார். இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லை. உங்கள் தம்பி உடனே போய்ப் பார்க்க முடியுமா? கடைசி வரியில், "நான்தான் மாடவீதிப் பலகையின் மேற்பார்வையாளர். நடந்ததை மனதில் வைக்க வேண்டாம்."

மனதில் வைக்க வேண்டாமாம். அடுப்பில் எண்ணெய் காய்வது மாதிரி எனக்குள் காய்ந்தது. பலகைக்கு எழுதுங்கள், ஆயிரம் மயிலாப்பூர்காரர்கள் இருக்கிறார்கள் என்று பதில் அடித்தேன். அனுப்பும் முன் அந்த அம்மா ஞாபகம் வந்தது. அதை அழித்துவிட்டுச் சேகருக்குப் போன் போட்டேன்.

அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "விலாசம் சொல்லு," என்றான், அவ்வளவுதான்.

தெருவைத் தோண்டியதில் போன் கேபிள் அறுந்திருந்தது. அந்த அம்மா நன்றாக இருந்தார். இரண்டு நாளாகப் பிள்ளை கூப்பிடவில்லையே என்ற கவலையில் இருந்தார். சேகர் ஐ.எஸ்.டி. பூத்துக்குக் கூட்டிப்போய்ப் பேசவைத்தான். திரும்பி வரும்போது பையிலிருந்து பழைய பத்திரிகை ஒன்று விழுந்திருக்கிறது. அந்த அம்மா வாங்கிக் கடைசிப் பெயர் வரைக்கும் படித்திருக்கிறார்.

"இன்னா கேட்டாங்க தெரியுமாண்ணா? இவ்ளோ பேரு கீதே, என் பேரு ஏம்ப்பா இல்லன்னாங்க. போட்டுர்றேம்மா, கம்ப்யூட்டர்ல போட்டுர்றேன்னேன். என் பையன் பேரையும் பக்கத்துல போடு, ஊரும் போடுன்றாங்க. நான் இன்னா பண்றது?"

"அம்மா பேரைப் போடு. பையன் பேரை நான் கேட்டுச் சொல்றேன்."

மேற்பார்வையாளருக்கு அன்றே எழுதினேன். கவிதாவிடம் கொடுக்கவில்லை, நானே எழுதினேன். "உங்கள் அம்மா நலம். எங்கள் பக்கத்தில் தன் பெயரைப் போடச் சொன்னார்கள், போட்டுவிட்டோம். பக்கத்தில் உங்கள் பெயரையும் ஊரையும் போடச் சொல்கிறார்கள். போடலாமா?"

விதிப்படி கேட்டிருக்கிறேன். அந்த அம்மா வாரா வாரம் சேகரைக் கேட்கிறார், பையன் பெயர் வந்துவிட்டதா என்று. இன்னும் பதில் வரவில்லை.